ஓட்டையில்லாத கிண்ணம்

மனைவி ஹப்லின் செத்ததிலிருந்து க்ருங் தினமும் அவள் கல்லறைக்குச் சோறு கொண்டுபோனான். வியட்நாம் மலைகளில் வாழும் ஜராய் இனத்து ஆணுக்கு அது கடமை. கல்லறையைக் கைவிடும் விழா நடக்கும்வரை அவள் அவன் பெண்டாட்டிதான், அவளுக்குப் பசிக்கும்.

காப்பித் தோட்டத்துக்குப் பிடுங்கிய நிலத்தைத் திரும்பக் கேட்டு ஊரே மாவட்ட அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. தடியடிதான் பதில். மறுநாள் ஒலிபெருக்கி வண்டியோடு காவலர்கள் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் நடந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹப்லினின் தம்பி தெம் மட்டும் சிக்கவில்லை. அடிபட்ட முழங்கால் வீங்கி, கல்லறைகளுக்கு அப்பால் மூங்கில் புதரில் கிடந்தான். காலை ஊன்ற முடிந்தால் எல்லை தாண்டிக் கம்போடியாவுக்குப் போய்விடுவான். அதுவரை அவனுக்குச் சோறு வேண்டும்.

கல்லறைகள் இருந்த காட்டுப் பக்கம் போக க்ருங்குக்கு மட்டும்தான் அனுமதி. செத்தவளுக்குப் படைப்பவனை ஏன் தடுக்க வேண்டும் என்று அதிகாரி துவான் விட்டுவிட்டான். துவான் சமவெளியிலிருந்து வந்த வியட்நாமியன். மாமியார் கூடையில் சோற்றை அழுத்தி அழுத்தி வைப்பாள்.

"அக்கா பங்கைத் தம்பி தின்னா அவ கோவிச்சுக்க மாட்டா, மாப்ள. சின்னதுல அவன் பங்கைத் தின்னவதானே."

ஒரு காலை துவானும் கூடவே நடந்தான். பொழுது போகவில்லை என்றான். சிகரெட் நீட்டினான். கல்லறையைச் சுற்றிக் கிடந்த கிண்ணங்களைப் பார்த்து, எல்லாவற்றிலும் ஏன் ஓட்டை என்று கேட்டான்.

க்ருங் கல்லூரியில் படித்து ஆசிரியரானவன். யாராவது கேட்டால் விளக்கிப் பழக்கம். அவள் செத்த பிறகு அவளைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"அந்த உலகத்துல எல்லாம் தலைகீழ், அண்ணே. இங்க உடைஞ்சதுதான் அங்க முழுசு. ஓட்டை போடாம வெச்சா அவளுக்குப் போய்ச் சேராது."

துவான் தலையாட்டினான். புகையை விட்டான். பிறகு கல்லறைத் தூண் ஓரமாக இருந்த நீலக்கரைக் கிண்ணத்தைப் பூட்ஸ் நுனியால் தொட்டான்.

"அப்ப இது யாருக்கு, வாத்தியாரே?"

நேற்று கஞ்சி கொண்டுவந்த கிண்ணம். தெம் குடித்துவிட்டு, துடைத்துத் திரும்ப வைத்திருந்தான். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். க்ருங் குனிந்து அதை எடுத்துக் கூடைக்குள் வைத்தான்.

மத்தியானம் நாய்களோடு வந்தார்கள். தெம் ஓடப் பார்த்தான், முழங்கால் விடவில்லை. ஊர் நடுவே இழுத்துப் போனபோது க்ருங்கைக் கண்டு நின்றான்.

"மச்சான், கஞ்சி நல்லாருந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

சமவெளிக்காரனுக்குக் கிண்ணத்து விஷயம் எப்படித் தெரியும், எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று ஊர் பேசியது. மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் தப்புதான். ஓட்டை போட மனசு வரல. புள்ள எதுல கஞ்சி குடிப்பான்?"

அடுப்படியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். க்ருங் தலை குனிந்து, அவள் போட்ட சோற்றைத் தின்றான்.

காலையில் கூடையை நீட்டினாள். உள்ளே புதுக் கிண்ணம், அடியில் ஆணியடித்த ஓட்டை. அவன் சொல்லிவிட வாய் திறந்தான்.

"சூடா இருக்கு, பாத்துப் பிடி, மாப்ள," என்றாள்.

வாங்கிக்கொண்டு போனான்.