லெஸ்லி நின்ற வரிசை

வரிசை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், லெஸ்லி அதன் வாலில் போய் ஒட்டிக்கொள்வார். எதற்கு நிற்கிறீர்கள் என்று யாரையும் கேட்கமாட்டார். கேட்டால் முந்தப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவார்களாம். ஒருமுறை இப்படித்தான் முன்பின் தெரியாத ஒருவரின் சாவு வீட்டு வரிசையில் நின்று, துக்கம் விசாரித்து, சாண்ட்விச்சும் தின்றுவிட்டு வந்தார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குப்பை கொட்டிய மேவிஸுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் இன்றைக்குமா?

இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் இந்தச் சுற்றுலாக் கப்பல் ஏறியதே இன்றைக்காகத்தான். மகள் ரொவீனா ஒரு நார்வேக்காரனைக் கட்டிக்கொண்டு அந்த நாட்டிலேயே, கப்பல் போகிற கெய்ராங்கர் ஊருக்கு மலை தாண்டி அந்தப்பக்கம் குடியிருக்கிறாள். கல்யாணத்துக்கு லெஸ்லி போகவில்லை, மேவிஸையும் போகவிடவில்லை. அத்தோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. பேத்தி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது. மேவிஸ் போனில் அழுது கெஞ்சிய பிறகுதான் ரொவீனா மனமிறங்கினாள். கெய்ராங்கர் படகுத்துறையில் குழந்தையோடு நிற்பேன், மதியப் பேருந்தில் திரும்பிவிடுவேன், பார்ப்பதானால் வாருங்கள் என்று சொல்லியிருந்தாள்.

அங்கே இவ்வளவு பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. நடுநீரில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்களைச் சின்னப் படகுகளில் கரைக்கு அனுப்புவார்கள். காலைச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் நடையில் நீளமாக ஒரு வரிசை. லெஸ்லி போய் நின்றுவிட்டார்.

அது நத்தை வேகத்தில் நகர்ந்தது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருக்க, முன்னால் நின்ற ஒருவரிடமும் மழைக்கோட்டு இல்லை. ஒருத்தி வீட்டுச் செருப்போடு நின்றாள். லெஸ்லியோ பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தார். தடியூன்றி வந்த கிழவருக்கு விட்டார், சரி. கல்லை முழுங்கினாலும் செரிக்கிற அந்த இளம் ஜோடிக்கு எதற்கு? மேவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுக்கமுடியாமல் செருப்புக்காரியிடம் கேட்டேவிட்டாள். கப்பல் கடையில் கைக்கடிகாரம் பாதி விலையாம்.

“லெஸ்லி, இது கடிகாரம் வாங்குற வரிசையாம்.”

அவர் தன் காலணியைப் பார்த்தார். “தெரியும்.”

“தெரியுமா?”

“கொஞ்ச நேரமாத் தெரியும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது, மேவிஸ்? கல்யாணத்துக்கே வராத தாத்தான்னு குழந்தைகிட்ட சொல்லி வெச்சிருப்பா.”

“அது இப்பத்தான் நடக்கவே ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு உன் பவிசு தெரியுமாக்கும்.”

மேவிஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பின்னாலேயே பாவமாகவும் இருந்தது. இந்த நேரம் பார்த்து இவர்மேல் பாவப்படவேண்டியிருக்கிறதே என்று இன்னும் எரிச்சலானது. அவர் சட்டைக் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழ்த்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

படகுக்கான வரிசை அங்கே இருந்தது, படிக்கட்டு வரைக்கும். இதில் நின்றால் மதியப் பேருந்து போயே போய்விடும். மேவிஸ் பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். அத்தனை பேரையும் தாண்டி நேராக முன்னால் நடந்தாள். இருபுறமும் தொண்டைகள் செருமின, நாக்குகள் உச்சுக்கொட்டின. பின்னால் லெஸ்லி ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். வெட்கத்தில் அவளுக்குக் காது சிவந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

கதவருகே போய்த் திரும்பினாள். “என் பொண்ணு கரையில நிக்கிறா. பாத்து மூணு வருஷமாச்சு. யாருக்காவது ஆட்சேபணைன்னா இப்பவே சொல்லிடுங்க.”

யாரும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்கிற ஜாதியே அல்ல அது. முணுமுணுப்பெல்லாம் படகு கிளம்பிய பிறகுதான் இருந்திருக்கும்.

துறையில் ரொவீனா குடைபிடித்து நின்றாள், இடுப்பில் குழந்தை. மேவிஸ் முதல் ஆளாகத் தாவி இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் கணவரைக் காணோம். படகின் படியருகே ஓரமாக ஒதுங்கி நின்று, நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். படகு காலியானது. அப்புறமும் தொப்பியைக் கையில் பிடித்தபடி படகோட்டிக்கு வழிவிட்டு நின்றார். அந்தப் படகோட்டி எங்கே இறங்குவான்?

மேவிஸ் வாயைத் திறக்குமுன் ரொவீனா துறையின் விளிம்புக்குப் போனாள். குடையை நீட்டி அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

“உனக்கு முன்னாடி யாருமே இல்லப்பா. இறங்கி வா.”