புகார் இல்லாவிட்டால் சரி

அலுவலகத்தில் அவளுக்குச் சந்தேகம் என்று பேர் வைத்திருந்தார்கள். கணினியின் ஒலிப் பகுதிக்கான அப்டேட்டுகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. எதையும் நாலு தடவை தட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். அவளுடைய குழுத் தலைவருக்கோ பச்சைக்கொடி என்று பேர். அந்த மனிதர் எதையும் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

அன்று வந்தது பாதுகாப்பு அப்டேட். பழைய பதிப்பில் ஓர் ஓட்டை. அதன் வழியாக எவன் வேண்டுமானாலும் கணினிக்குள் நுழையலாம். புது மெஷின்களில் எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டது. பழைய மெஷினில் மட்டும் பார்க்க முடியவில்லை. அலுவலகத்திலிருந்த ஒன்றும் போன மாதம்தான் பழைய இரும்புக்குப் போயிருந்தது. அவளுக்குத் தெரிந்து இன்னொன்று வீட்டில், அக்காவின் மேஜைமேல் இருந்தது.

அக்காவுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். அக்கா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்வாள். மறுநாள் காலை அவளுக்கு ஒரு வேலைத் தேர்வு. வாடிக்கையாளர் கடிதங்களுக்கு வீட்டிலிருந்தபடியே, அந்தக் கணினியிலேயே பதில் எழுதிக் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் ஏறி இறங்கிக் கிடைத்த வாய்ப்பு. இந்த நேரத்தில் போய் அதில் கை வைக்க மனசு வருமா? வரவில்லை.

"சார், ரெண்டு நாள் குடுங்க. பழைய மெஷின்ல இன்னும் பாக்கல," என்றாள்.

"ரெண்டு நாள்ல பாதிப் பேர் வீட்டுக்குள்ள திருடன் பூந்துடுவான்மா. வழக்கம்போல சோதனைக்காரங்களுக்குப் போடுங்க. காலைல வரைக்கும் புகார் வரலன்னா சரி, எல்லாருக்கும் அனுப்பிடுங்க."

அதுதான் அங்கே விதி. தாமாக முன்வந்து சோதிக்கும் சிலருக்கு முதலில் போகும். அவர்கள் சும்மா இருந்தால் அப்டேட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் அவசரப்படுவதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல். காலையில் வந்து பார்த்தாள். புகார் இல்லை. அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்கா.

"ஏய், இது பேச மாட்டேங்குதுடி!"

"வால்யூம் பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு. அப்டேட் ஏறுதுன்னு சொல்லுச்சு. அதோட வாய மூடிக்கிச்சு. இப்ப தேர்வு ஆரம்பிச்சிடும்டி."

அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அப்டேட் தானாக ஏறும்படி செய்து வைத்தவளே அவள்தான், அக்காவின் மெஷின் பத்திரமாக இருக்கட்டும் என்று. தொடாமல் காப்பாற்றிய மெஷினுக்குள் அது தானே போய் உட்கார்ந்துகொண்டது.

"நான் சொல்றத அப்படியே டைப் பண்ணு," என்றாள். அக்கா தட்டும் சத்தம் போனில் கேட்டது.

"பண்ணிட்டேன்."

"என்ன வந்திருக்கு?"

"எனக்கு எப்படிடி தெரியும்?"

கட்டளை சரியான இடத்துக்குப் போனதா, தேர்வுத்தாளில் போய் விழுந்ததா, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடலாமென்றால் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் தேர்வே முடிந்துவிடும். போனை வைக்காமலே பச்சைக்கொடியிடம் ஓடினாள்.

"சார், நிறுத்துங்க. பழைய மெஷின்ல சத்தமே போயிடுது."

"போனது போனதுதான்மா. உலகம் பூரா ஏறிடுச்சு, எங்கேர்ந்து திருப்பிக் கூப்பிடறது? சரி பண்ணி இன்னொண்ணு அனுப்பலாம்." திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஆனா பாருங்க, ஒரு புகார்கூட இல்ல."

உண்மைதான். பக்கம் காலியாகக் கிடந்தது. புகார் எழுத வேண்டியவர்களெல்லாம் அக்காவைப் போலவே பேசாத கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

போனில் அக்காவின் குரல் கேட்டது. "விடுடி, நேரம் போயிடுச்சு. நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத."

"அக்கா..."

"ஆனா இத சும்மா விடக்கூடாது. உங்க ஆபீஸ்லேர்ந்துதானே இதெல்லாம் வருது? பாத்துப் பண்ணாம அனுப்பினது யாருன்னு கேட்டுச் சொல்லு. இது பேச ஆரம்பிக்கட்டும், நானே உக்காந்து ஒரு புகார் எழுதறேன்."