கொட்டகையும் காலி, சுவரும் ரெடி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மதியச் சாப்பாட்டின்போது இதை ஒரு ஜோக்காகச் சொன்னார்.

"எங்கப்பா சேர்த்து வச்ச செங்கல்லயே எங்கப்பாவுக்கு பாத்ரூம் கட்டிட்டேன்யா. கொட்டகையும் காலி, சுவரும் ரெடி!"

எல்லாரும் சிரித்தோம். எனக்குப் புரையேறி, அவரே என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது, பேனாவைத் திறந்தேன். அடுத்தவர் அப்பாவின் கஷ்டம் என்றால் எனக்குக் கை பரபரக்கும்.

2

முதல் தொடக்கம்: 'போரில் பட்ட காயங்களைவிட அந்த முதியவரை அதிகம் வருத்தியது…'

வேண்டாம். காயத்தில் தொடங்கினால் மூன்றாம் வரியில் பதக்கம் வந்துவிடும், ஐந்தாம் வரியில் கொடி பறக்கும்.

இரண்டாவது: 'செங்கற்கள் மட்டும் பேசினால்…' பேசாது. (அடித்துவிட்டேன். நான் எங்கெல்லாம் வழுக்குவேன் என்று தெரியட்டுமே என்று இங்கே விட்டுவைத்திருக்கிறேன்.)

நேராகவே சொல்கிறேன். மேசைக்காரரின் அப்பாவுக்குத் தெருவில் பட்டாளத்தார் என்று பெயர். பட்டாளத்தில் அவர் வேலை பாலம் கட்டுவது. பின்வாங்கும்போது அதே பாலத்தைத் தகர்ப்பது. வெளியே வந்தபின் கொத்தனார் ஆனார். இங்கேயும் அதே வேலைதான், சுடுவதற்குத்தான் ஆள் இல்லை. இடிக்கப் போகும் வீட்டிலிருந்தெல்லாம் ஒரே ஒரு செங்கல் கொண்டுவருவார். ஒவ்வொன்றிலும் சூளைக்காரரின் முத்திரை குழிவாகப் பதிந்திருக்கும்: பெயர், நட்சத்திரம், பூ. ஒன்றில், ஈரமாக இருந்தபோது கோழி நடந்துபோன தடம். தேய்த்துக் கழுவி, காயவைத்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் பலகை போட்டு அடுக்கியிருந்தார்.

"ஆம்பளைங்க ஸ்டாம்ப் சேர்ப்பாங்க, நாணயம் சேர்ப்பாங்க. எனக்கு வாய்ச்சவரு கல்லு சேர்க்கிறாரு," என்பார் மனைவி. "என்னிக்கு என் தலையில போடப்போறீங்கன்னு தெரியல."

"உன் தலையில விழாம அடுக்கியிருக்கேன்ல, அதைச் சொல்லு."

3

சேகரிப்பு எப்படித் தொடங்கியது? மகன் சொன்னது இவ்வளவுதான்: "போருக்குப் போனவன் எல்லாம் வாட்ச் கொண்டுவந்தான், கம்பளி கொண்டுவந்தான். எங்கப்பா ஒரு செங்கல் கொண்டுவந்தாரு."

மீதி என் சரக்கு. ஒரு வீட்டின் இடிந்த அரைச்சுவர். அதன் பின்னால் ஒரு பகல் முழுக்கக் குப்புறக் கிடந்தார். இடப்பக்கம் அவர் நண்பன்…

[நண்பனை எடுத்துவிட்டேன். கதையில் பட்டாளத்துக்காரனுக்கு நண்பன் என்று ஒருவன் வந்தாலே செத்துப்போகிறான். அலுத்துவிட்டது.]

[மறுபடி சேர்த்துவிட்டேன். எனக்கு அலுத்தால் அவன் பிழைத்துவிடுவானா?]

பொழுது சாய்ந்ததும் பட்டாளத்தார் தன் தலைக்கு நேராக இருந்த செங்கல்லை நெம்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதன் மறுபக்கத்தில் தோட்டா கொத்திய பள்ளம். நண்பனின் தலைக்கு நேராகச் சுவரில் செங்கல் இல்லை. ஓட்டைதான் இருந்தது.

4

வயதான காலத்தில் பட்டாளத்தாருக்கு முழங்கால் போய்விட்டது. அறுவைச் சிகிச்சை. இனிமேல் குந்தி உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். வீட்டிலோ கொல்லைப்புறத்துக் கழிப்பறையில் குந்தித்தான் உட்கார வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியிலும் பிறகு மகள் வீட்டிலுமாக இருந்த நாட்களில், மகன் மாடிப்படிக்கு அடியில் ஒரு குளியலறை கட்டினார். ஒரே ஒரு சுவர்தான் தேவைப்பட்டது. கொத்தனார் செங்கல் கேட்டார். கொட்டகை நிறையச் செங்கல்.

திரும்பி வந்த அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினார் மகன். வெந்நீர்க் குழாய். பிடித்து எழக் கம்பி. வழுக்காத தரை.

"எப்படிப்பா?"

"நல்லாருக்குடா."

பிறகு பட்டாளத்தார் தடியை ஊன்றிக் கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"கல்லெல்லாம் எங்கடா?"

"இதுதான்பா!" மகன் ஓடிப்போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார். "எப்பப் பார்த்தாலும் கல்லு கல்லும்பீங்கல்ல, இனிமே உங்க கூடவே இருக்கும்."

மகன் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அந்தக் கொத்தனார் எப்படி வேலை செய்திருப்பார் என்று பட்டாளத்தார் யாரையும் கேட்கத் தேவையில்லை. முத்திரைக் குழி மேலே வரும்படி கல்லை வைத்து, முத்திரையே தெரியாதபடி குழி நிறையக் கலவையை அப்ப வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். அவரும் ஊரார் செங்கல்லுக்கெல்லாம் அப்படித்தான் செய்திருந்தார்.*

[* இந்த வரியில் கொஞ்சம் நீதி வாடை அடிக்கிறது. மன்னிக்கவும், சன்னலைத் திறந்துவைக்கிறேன்.]

புதுக் கழிப்பறையை மட்டும் பயன்படுத்தினார். அதில் ரோஷம் பார்க்க வழியில்லை. குளியல் கொல்லைக் குழாயில், பச்சைத் தண்ணீரில், நின்றபடி.

"ராஜா மாதிரி பாத்ரூம் கட்டிக் குடுத்திருக்கான். இங்க நின்னு நனையறீங்க. வழுக்கி விழுந்தா யாரு தூக்கறது?" என்றார் மனைவி.

"நீ தூக்க மாட்ட. சிரிப்ப."

"சிரிச்சிட்டுத் தூக்குவேன்."

5

முடிவு அ: அவர் சுவரை உடைக்கிறார். எழுதிப் பார்த்தேன். சிமென்ட் பிடித்த கல் முழுசாக வராது. துண்டும் தூளும்தான் மிஞ்சும். மாலையில் மகன் வந்து நிற்பார். அவர் முகத்தை எனக்கு எழுத வரவில்லை. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் முகம்.

முடிவு ஆ: மன்னித்துவிடுகிறார். வெந்நீரில் குளித்து, சுவரில் நெற்றியைச் சாய்த்து… எழுதும்போது என் கண் கலங்கியது, உடனே கிழித்துப்போட்டேன். என் கண்ணை நம்ப முடியாது. அது சோப்பு விளம்பரத்துக்கும் கலங்கும்.

நான் இப்படித் திணறிக்கொண்டிருந்தபோது பட்டாளத்தார் தாமாகவே ஒரு காரியம் செய்தார். பிற்பகல். மகன் வேலைக்குப் போயிருந்தார். பரணிலிருந்த சாமான் பையைத் தடியால் இழுத்துத் தள்ளி, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்தார்.

கணக்கு இதுதான்: சுவர் சாய்ந்திருந்தால் இடித்தே ஆக வேண்டும். அது தொழில். அதில் மகன் மனம் நோக ஒன்றுமில்லை. ஆயுளில் முதல்முறையாக ஒரு சுவர் கோணலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

நூல் கோத்த கட்டையைச் சுவரின் உச்சியில் வைத்து, குண்டைத் தொங்கவிட்டார்: அது சுவரை உரசி நின்றால் சுவர் நேர், விலகி நின்றால் சாய்வு.

"என்ன பண்றீங்க?" மனைவி வந்துவிட்டார்.

"சுவர் நேரா இருக்கான்னு பார்க்கிறேன்."

"நேரா இருந்தா?"

அவர் நூலை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"இல்லன்னா?"

மனைவி நாற்காலியை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் போட்டார். அவர் உட்காரவில்லை.

6

மறுநாள் பக்கத்து மேசைக்காரரிடம் மெல்லக் கேட்டேன்: "அந்தச் சுவர் நேரா இருக்குதா?"

"ஏன், நீங்களும் பாத்ரூம் கட்டறீங்களா? அருமையான கொத்தனார்யா. நம்பர் தரேன்."

ஆக, நிஜச் சுவர் எப்படியோ, என் சுவர் என் கையில். ஒரு விரல் அளவு சாய்த்துவிட்டால், அவர் குற்ற உணர்வில்லாமல் உடைப்பார். கைக்குத் தூள் வரும். நேராக நிறுத்திவிட்டால், பிழையே இல்லாத அந்தச் சுவரைப் பார்த்தபடி மிச்ச நாளெல்லாம் வெந்நீரில் குளிப்பார். எது இரக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஜோக்கோடு நிறுத்தியிருப்பேன்.

நூல் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் கையை எடுத்துவிட்டேன். குண்டு சுவரை உரசி நிற்க வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா, நீங்கள் சொல்லுங்கள். ஆற அமர யோசிக்காதீர்கள். சொல்லும்வரை அந்த மனிதர் அந்தக் காலோடு நின்றுகொண்டே இருப்பார்.