லொறி அடித்த மையித்து

லொறியின் முன்சில்லுகள் இரண்டும் அந்தரத்தில் சுழன்றுகொண்டிருந்தன. மஜீட் ஜன்னலுக்குள் கையை விட்டு ஓட்டுனரின் கொலரைப் பிடித்து இழுத்தான்.

“விடு தம்பி, சேட்டு கிழியுது.”

“கிழியட்டும் அண்ணன். காலத் தூக்குங்க.”

சேட்டு கிழிந்தது. ஆள் சேற்றில் வந்து விழுந்தார். அடுத்த கணம் லொறி முன்னால் சரிந்து வெள்ளத்துக்குள் இறங்கியது. மீன் பெட்டிகள் மட்டும் மேலே வந்து, பிடிபட்ட கடலைப் பார்த்தே மிதந்து போயின.

எழுபத்தெட்டாம் ஆண்டுக் கார்த்திகை. நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் இடையில் இருந்த சின்னப் பாலம் நடுவால் முறிந்து கிடந்தது. முறிவுக்கு மேலே தண்ணீர் பாய்ந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் மாரி வெள்ளம். இந்தக் கரையில் வாகனம் ஓட்டுகிறவர்கள் வருஷா வருஷம் அடித்துக் கிழித்துக்கொண்டு போகிற தண்ணீர். காரைதீவுப் பக்கத்தை மீனவர்கள் தோணியொன்றைக் குறுக்கே இழுத்துப் போட்டு மறித்துவிட்டார்கள். நிந்தவூர்ப் பக்கத்தில் மஜீட் தனி ஆள்.

“விசில் அடிச்சன். கை காட்டினன். நடுறோட்டுல பலகையும் நிண்டிச்சி. அதையும் அடிச்சித் தள்ளிப்போட்டு வாறீங்களே, அண்ணன்?”

லொறியை ஓட்டிவந்த தம்பிலுவில் கதிர்காமன் வாயில் போன சேற்றைத் துப்பினார். “இந்த மழைக்குள்ள கை காட்டுறவன் எல்லாம் லொறியில ஏறத்தானே காட்டுறான். வழி நெடுக கைதான். உன்ட கையும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்.”

“பலகை?”

“வைப்பர் வேலை செய்யல்ல ராசா. பலகைய எங்க வாசிக்கிற?”

மஜீட் தெற்கே றோட்டைப் பார்த்தான். அவன் நிந்தவூர் பஸ் நிலையத்தின் டைம்கீப்பர். டெலிபோன் சாவதற்கு முன் அக்கரைப்பற்றிலிருந்து கடைசியாக வந்த செய்தி இதுதான்: கல்முனை பஸ் புறப்பட்டுவிட்டது, உங்கட பொஞ்சாதியும் அதிலதான் ஏறினா. சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்த ஸுல்பிகாவை, புயலுக்கு முன்னால் வந்து சேரச் சொன்னவன் அவனே. பஸ்ஸை ஓட்டுகிறவர் ஷரிபுதீன் காக்கா. அவருடைய பஸ்ஸுக்கு மட்டும் பிரேக் கட்டை தேய்வதில்லை என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதே றோட்டில் அந்த மனிதர் பிரேக் போட்டதை மஜீட் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறான். போன நோன்பில், இறந்தவரைச் சுமந்துபோன ஒரு ஜனாஸா றோட்டைக் கடந்தபோது. எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கிப்போய்த் தோள் கொடுத்தார். அவர் மட்டுமா? இந்தக் கரையில் ஜனாஸாவைக் கண்டும் நிற்காமல் போகிற வாகனத்தை, அது யாருடையதாக இருந்தாலும், மஜீட் கண்டதில்லை.

அவன் பள்ளிவாசலைப் பார்த்து ஓடினான். பள்ளி, பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தெற்கே, றோட்டோரமாகவே இருந்தது. இறந்தவரின் மையித்தைச் சுமந்து போகும் சந்தூக்குப் பெட்டியும் அங்கேதான் இருந்தது.

“சந்தூக்கா?” பாங்கு சொல்லும் மோதினார் அப்துல் ஹமீட் தாடியைப் பிழிந்தார். “மையித்து இல்லாம சந்தூக்க றோட்டுல வைக்கிறதா? பொய்யாப் போயிடும், மகன்.”

“நாம ஒரு பொய்யும் சொல்லத் தேவல்ல, மோதினார். பேசாம வைப்பம். அவங்க நினைக்கிறது அவங்கட பாடு.”

“காத்து வெறும் சந்தூக்கத் தூக்கிட்டுப் போயிடுமே.”

பின்னாலேயே வந்திருந்த கதிர்காமன் மஜீட்டைப் பார்த்தார். மஜீட் றோட்டைப் பார்த்தான். பாரத்துக்கு அதற்குள் என்ன ஏற்றினார்கள் என்பது அந்த மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மேலே பச்சைப் போர்வையை இழுத்துக் கட்டி, பள்ளிக்குத் திரும்பும் வளைவில், நட்டநடு றோட்டில் சந்தூக்கை வைத்தார்கள்.

முதலில் வந்த நெல் லொறி நின்றது. அடுத்து ஒரு வான். பின்னால் இரண்டு கார். இறக்காமத்தில் இருந்து வந்த ஒரு உழவு இயந்திரம், பெட்டி நிறையக் குடும்பத்தோடு. விசிலுக்கும் கைக்கும் நிற்காத றோட்டு, பச்சைத் துணிக்கு நின்றது. ஓட்டுனர்கள் தலையில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கியவர்களின் காதில் மஜீட் பாலத்தின் கதையைப் போட்டான். பிறகு விசிலை எடுத்தான்.

“லொறியெல்லாம் கடல் பக்கம். ஒண்டோட ஒண்டு ஒட்டி நிப்பாட்டுங்க. காருகள் உள்ளுக்க. பொம்புளயள் மதரசாவுக்கு, ஆம்புளயள் பள்ளிக்கு.”

நெல் மூட்டை ஏற்றிய லொறிகள் காற்றுக்கு எதிரே மதில்போல வரிசை கட்டின. கதிர்காமன் பின்னால் நின்று “வா, வா, ஒடி, போதும்” என்று ஒவ்வொன்றாக அடைத்தார்.

செத்தது யார் என்ற கேள்வியும் வந்துகொண்டே இருந்தது. “ஆரு மௌத்து?”

“மறுகா சொல்றன், இப்ப நேரமில்ல,” என்றான் மஜீட்.

“எப்பிடி நடந்த?”

“றோட்டுல நிண்டது. லொறி அடிச்ச.”

“எந்த லொறி?”

“இவர்ர லொறிதான்.”

எல்லாக் கண்களும் கதிர்காமன் மேல் விழுந்தன. ஒருவர் நாக்கைச் சப்பினார். ஒரு கிழவர், “கண்ணப் பின்னாலயா வெச்சி ஓட்டினாய்?” என்று கேட்டே விட்டார். கதிர்காமன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று கிழவர் இரக்கப்பட்டார்.

பழைய மொறிஸ் காரில் வந்த அரிசி ஆலை சாலிஹ் ஹாஜியார்தான் மடங்கவில்லை. “பாலம் உடைஞ்சதா? விடியக் காலத்தால அதாலதானே வந்தன். றோட்டு அப்பிடியே கிடக்கு, மேலால தண்ணி பாயிது, அவ்வளவுதான். கல்முனையில எனக்கு அவசர வேலை. மையித்த ஒதுக்குங்க, போகணும். எந்த ஊர் மையித்து?”

“அம்பாறையில இருந்து வந்தது, ஹாஜியார். கவுண்மேந்து.”

“கவுண்மேந்தா? அரசாங்க ஆளா?” ஹாஜியார் போர்வையின் நுனியில் கையை வைத்தார்.

அந்தக் கையை மோதினார் பிடித்தார். “நடுறோட்டுல, மழைக்குள்ள திறக்கிறதா? உங்களுக்குச் சரியாப் படுதா?”

ஹாஜியார் கையை எடுத்தார். மஜீட் மூச்சு விட்டான். போர்வை விலகியிருந்தால் ஹாஜியார் போய்விடுவார். அவர் போனால் மற்றவர்களும் கிளம்புவார்கள். ஷரிபுதீன் காக்காவுக்கும் வழி திறந்துவிடும்.

அப்போதுதான் கடல் பக்கத்தில் ஒரு தென்னை முறிந்து விழுந்தது. காற்று ஒரே அடியாகத் திரும்பியது. மழை படுத்தபடி அடித்தது. றோட்டில் இருந்த சந்தூக்கை முதலில் தண்ணீர் மறைத்தது, பிறகு விசிறலும் மறைத்தது. தெற்கே இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் தெரிந்தன. அவை பெரிதாகின. வேகம் குறையவே இல்லை.

“ஷரிபுதீன்ட பஸ்,” என்றார் யாரோ.

மஜீட் ஓடிப் போய்ச் சந்தூக்கின் முன்காலைப் பிடித்தான். “கீழ கிடந்தா தெரியாது. தூக்கணும். பஸ்ஸுல ஆக்கள் இரிக்காங்க. என்ட வீட்டுக்காரியும் இரிக்கா.”

மறுகாலில் முதலில் வந்து விழுந்த தோள் ஹாஜியாருடையது. “என்னடாப்பா இந்தக் கனம்?” என்று முனகினார். பின்கால் ஒன்றைக் கதிர்காமன் வாங்கினார், மற்றதை நெல் லொறிக்காரன். மோதினார் கலிமாவை எடுத்தார். பள்ளிக்குள் ஒதுங்கியிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து பின்னால் சேர்ந்தார்கள். சந்தூக்கு தோளில் உயர்ந்தது. காற்று பச்சைப் போர்வையைப் பிய்க்கப் பார்க்க, அந்த ஊர்வலம் புயலுக்கு நெஞ்சைக் கொடுத்து, வருகிற பஸ்ஸுக்கு நேரே நடந்தது. லாயிலாஹ இல்லல்லாஹ் என்ற முழக்கத்தில் கடல் இரைச்சலும் அமுங்கியது.

வெளிச்சம் மஜீட்டின் முகத்தில் அடித்தது. அவன் கண்ணை மூடவில்லை. நடந்தான்.

பிரேக் அலறியது. பஸ் பக்கவாட்டில் வழுக்கி, தண்ணீரை மதில் உயரத்துக்கு வாரியடித்து, நீட்டிய கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது.

ஷரிபுதீன் காக்கா இறங்கினார். தலைக்கு லேஞ்சியைக் கட்டினார். ஹாஜியாரை ஒதுக்கிவிட்டுத் தோளைக் கொடுத்தார். பின்னால் ஸுல்பிகா முக்காட்டைப் பல்லில் கடித்தபடி இறங்கினாள்.

“நீங்களா? ஆரு மௌத்து?”

“மறுகா சொல்றன். மதரசாவுக்குப் போ, புள்ள.” அவன் சந்தூக்கின் காலை விடவில்லை.

அன்றிரவு புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. மதரசாவின் ஓடுகள் பாதி பறந்தன. லொறி மதில் அசையவில்லை. விடிந்தபோது பள்ளி வளவுக்குள் ஒதுங்கிய அத்தனை பேரும் கை கால் முழுசாக எழுந்தார்கள். பிள்ளைகள் பசியில் கத்தின. கதிர்காமன் யாருடையதோ ஒரு லொறியிலிருந்த கிழங்கை அவித்துக்கொண்டிருந்தார்.

சாலிஹ் ஹாஜியார் தனியாகப் பாலத்தடிக்கு நடந்தார். வெள்ளம் வடிந்திருந்தது. றோட்டு போய், போய், ஓரிடத்தில் இல்லாமல் போயிற்று. அடியில் மீன் லொறியின் பின்சில்லு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பள்ளி வளவில் இறக்கியிருந்த சந்தூக்கடிக்குத் திரும்பி வந்தபோது தொப்பி கையில் இருந்தது.

“எல்லாரும் வாங்க,” என்றார். “இந்த மையித்து மட்டும் குறுக்க கிடக்காட்டி நானும் இப்ப அந்தக் கிடங்குக்குள்ளதான். ஆரு பெத்த புள்ளயோ, எங்க எல்லாரையும் காப்பாத்தியிரிக்கு. மரியாதையாத் தொழுவிச்சி அடக்கணும். மோதினார், குளிப்பாட்டினதா?”

“ராவு முழுக்க மழைதானே, ஹாஜியார்,” என்றார் மோதினார், எங்கோ பார்த்தபடி.

ஷரிபுதீன் காக்கா தொழுகைக்குச் சப்பு வரிசையில் நின்றார். ஸுல்பிகா மதரசா வாசலில் இருந்து கணவனைப் பார்த்தாள். மறுகா என்றீர்களே, மறுகா வந்துவிட்டதே என்று கேட்டது அந்தப் பார்வை. மஜீட் கதிர்காமனைப் பார்த்தான். கதிர்காமன் கிழங்குச் சட்டியைப் பார்த்தார்.

“முகத்தையாவது பாப்பம்,” என்று சொல்லி ஹாஜியார் பச்சைப் போர்வையை விலக்கினார்.

இரும்புக் கால் இரண்டும் மடங்கி, நெற்றியில் லொறி இடித்த நெளிவோடு, வீதி வேலைக்காரர் நட்டுவிட்டுப் போன பலகை உள்ளே மல்லாந்து கிடந்தது. அதில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: பாதை மூடப்பட்டுள்ளது.