சன்னலோரத்து இரண்டு கோப்பித் துணிகள்

மலேசியாவின் ஈப்போவில் சலாஹுதீன் கோப்பிக் கடைக்கு ஒருமுறை போனவர் மறுமுறை வாய் திறக்க வேண்டியதில்லை. வாசலில் தலை தெரிந்ததுமே அவருடைய கை கிளாஸுக்குப் போய்விடும். மூலை மேசைச் சீனக் கிழவருக்குச் சீனி போடாத கடுங்கோப்பி. பள்ளிக்கூட டீச்சருக்குப் பால் தூக்கலாக, இனிப்பு கம்மியாக. எப்போதாவது தைப்பிங்கிலிருந்து வந்து போகும் லாரிக்காரருக்கு எப்படி வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். இந்த ஞாபகசக்தியைப் பற்றி ஊரே பேசும். ஊர் பேசாத நேரத்தில் அவரே பேசுவார்.

அவர் பேசிப் பேசி அலுக்காத இன்னொரு விஷயம், மனைவி இஃபத்தின் மூக்கும் நாக்கும். கல்யாண வீட்டில் இஃபத் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை ஓரமாக வைத்தால் போதும், சமையல்காரருக்கு முகம் செத்துவிடும். தூள் வறுக்கும்போது தீ அதிகமாகிவிட்டதா, ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி சூடாக்கினார்களா என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். அக்கம்பக்கத்தில் யார் புதுத்தூள் வாங்கினாலும் முதலில் ஒரு கரண்டி இவளிடம் வந்து போகும்.

"என் வீட்டுல இருக்கிறது நாக்கு இல்ல, தராசு" என்று சலாஹுதீன் கல்லாவில் உட்கார்ந்து பெருமையடிப்பார்.

அப்பேர்ப்பட்ட இஃபத், நோன்பு மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நோன்பு திறக்கும்போது அவளுக்கு வேண்டியது அதிகமில்லை. ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர், உடனே தன் கோப்பி. கஞ்சியும் பலகாரமும் அதற்குப் பிறகுதான். நாள் முழுக்கக் காய்ந்த நாக்கில் விழுகிற அந்த முதல் வாய்க்கு ஈடே கிடையாது என்பாள். இப்போது கோப்பிப் பானையைத் தூக்கக் கை இல்லை. மகளோ தூரத்து ஜொகூரில் இருக்கிறாள்.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நான் போட்டுத் தாரேன்லா" என்றார் சலாஹுதீன். கோப்பி போடுவது அவருக்கு ஒரு வேலையா என்ன?

முதல் நாள் கடைக் கோப்பியையே பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்தார். இஃபத் ஒரு வாய் குடித்தாள். கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் செம்பை எடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரத்தில் அவர் கடையை விட்டுக் கிளம்பினார். கடையில் கூட நின்ற தம்பி ரஹ்மத்துக்குத் தலை சுற்றியது.

"அண்ணே, நோன்பு தொறக்கிற நேரத்துல எங்க போறீங்க?"

"வீட்டுக்கு. கோப்பி போட."

"அத இங்கயே போடலாம்லா."

அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

வீட்டு அடுப்படியில் தூளைக் கண்டுபிடித்தார், தண்ணீரைக் கொதிக்க வைத்தார், சன்னலோரத்து ஆணியில் கைக்கு எட்டிய துணியை எடுத்து வடிகட்டினார். எல்லாம் சரளமாகத்தான் நடந்தது. சீனி டப்பாவைத் திறந்தபோது கரண்டி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

இஃபத்துக்குச் சீனி உண்டா? பால் உண்டா?

லாரிக்காரருடைய கிளாஸை அறிந்த கைக்குத் தன் மனைவியுடையது தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார். விடியுமுன் கடைக்கு ஓடுகிறார். திரும்பி வந்தால் அவள் கோப்பியைக் கொண்டுவந்து வைக்கிறாள். அவளுடையதை அடுப்படியிலேயே குடித்துவிடுவாள் போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் வீட்டில் இஃபத் உட்கார்ந்து கோப்பி குடித்ததாக அவருக்கு ஒரு ஞாபகமும் இல்லை. கூடத்தில்தான் இருக்கிறாள், கேட்டுவிடலாம். கேட்க வெட்கமாக இருந்தது. கடைசியில் தனக்குப் பிடித்த மாதிரியே கெட்டிப்பாலை ஊற்றிக் கலக்கிக் கொண்டுபோனார்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. இஃபத் ஒரு வாய் குடித்தாள்.

"துணி மாறிப்போச்சு மச்சான்."

"எந்தத் துணி?"

"சன்னல்கிட்ட ரெண்டு தொங்குதுல்ல? கருப்பா இருக்கிறது உங்களோடது. உங்க தூள சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கிறாங்க, அந்த வாசம் துணிய விட்டுப் போகாது. என்னோடது முத்தம்மா அக்கா வெறுமன வறுத்துக் குடுக்கிற தூளு. அத உங்க துணியில வடிச்சா ரெண்டும் கெட்டுரும்."

சலாஹுதீன் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அவர் வடித்துப் போட்டது கருப்பு, ஆணியில் தொங்கியது பழுப்பு. இரண்டையும் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசி, தனித்தனி ஆணியில் காயவைத்து வந்திருக்கிறாள். இரண்டு தூள், இரண்டு துணி, இரண்டு வடிப்பு, ஒவ்வொரு நாளும். பெயர்ப்பலகை இல்லாமல் ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக இங்கே ஒரு கடை நடந்திருக்கிறது. அந்த வாடிக்கையாளர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கடைதான் ஊரிலேயே பெரிய கோப்பிக் கடை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாரே!

அடுத்த நாள் முத்தம்மா தூள் கொண்டுவந்தார். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, ஆட்கள் டவுனுக்கு வந்த பிறகும், பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் கோப்பி மரங்களை அவர் விடவில்லை. சலாஹுதீன் வாசல் கேட் அருகிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இஃபத் கோப்பி எப்படிக் குடிக்கும்?"

முத்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியும் தம்பி. ஆனா சொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் கேக்காமயே ஊத்துற ஆளு நீங்க. வீட்டுல ஒரு தடவ கேட்டா என்னவாம்?"

பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சலாஹுதீன் தோளில் கிடந்த கடைத்துண்டைக்கூட எடுக்காமல் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இஃபத், ஒனக்குக் கோப்பி எப்படி வேணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், தெரியாதா?"

"தெரியாது. ஊருல எல்லாரோடதும் தெரியும், ஒன்னோடது தெரியல. வெக்கமாத்தான் இருக்கு."

இஃபத் கடைக்கு வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சீனி வேணாம், பால் வேணாம். உப்பு ஒரே ஒரு கல்லு. பாதி கிளாஸ்தான் ஊத்தணும். அது முடியுற நேரத்துல மீதிய சுடச்சுட ஊத்தணும். ஆறிப்போனா எனக்கு எறங்காது."

"அதுக்கு ஒரு ஆளு பக்கத்துலயே நிக்கணுமே."

"அதான் நான் அடுப்புக்கிட்ட நின்னே குடிச்சிருவேன்."

சலாஹுதீன் உள்ளே போனார். பழுப்புத் துணியை எடுத்தார். நோன்பு நேரம், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. கடையில் சந்தேகம் வந்தால் கெட்டிப்பால் காப்பாற்றும், இங்கே அதுவும் கிடையாது. தண்ணீரை மெல்ல ஊற்றியபோது ஆவியோடு ஒரு வாசம் எழுந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பலாப்பழம் அறுப்பது போல இருந்தது. கோப்பிக்குள் இப்படி ஒரு வாசம் உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இவள் இதைத் தினமும் முகர்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது பொறாமையாகக்கூட இருந்தது.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர். பாதி கிளாஸ் ஊற்றிவிட்டுப் பானையோடு அவர் பக்கத்திலேயே நின்றார். இஃபத் இடது கையால் கிளாஸைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணி கொதி கொஞ்சம் அடங்கின பெறவு தூள்ல ஊத்தியிருக்கணும்."

"சரி."

"உப்பு சரியா இருக்கு."

இன்னொரு வாய் குடித்தாள். இன்னொன்று. கிளாஸ் காலியானது. ஓரமாக வைக்கவில்லை. அவர் பக்கமாக நகர்த்தினாள். அவர் மீதியை ஊற்றினார்.

"உக்காருங்க, உங்க கஞ்சி ஆறுது."

"ஆறட்டும். நீ குடி."

இஃபத் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"உக்காந்து குடிச்சா இதோட ருசியே வேற மாதிரி இருக்கு மச்சான்" என்றாள்.

சலாஹுதீன் பானையைக் கீழே வைக்கவில்லை.