கடைக்குட்டியின் கைகள்

அந்தப் படப் புத்தகம் கடைக்கு வந்த வாரமே, அதிலிருந்த சுண்டுகள் பக்கங்களை விட்டு இறங்கி வீடு வீடாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதே வாரம் வெங்காயம் விலை ஏறியதால் ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். சுண்டுவிரல் உயரமே இருந்ததால் சுண்டுகள் என்று பெயர். ஒவ்வொரு புத்தகத்திலும் ஆறு பேர். கதையில் என்ன உதவி செய்தார்களோ அதையேதான் வீடுகளிலும் செய்தார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார்கள், கட்டிலுக்கடியில் உருண்டுபோன பித்தானைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிப் போடுகிறவரின் நெற்றியில் ஏறி, அங்கேயே இருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிடுவார்கள். ஓரிரு நாள் சிலர் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் பூனை வளர்க்கிறவர்கள் மட்டும் புத்தகத்தை உயரத்தில் எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஐந்து பேர் ஓடியாடி வேலை பார்த்தார்கள். ஆறாவது ஆள், கடைக்குட்டிச் சிறுமி, ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. மற்றவர்களோடு இறங்கி வருவாள், வேலை நடக்கும் இடத்துக்கே போவாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். கூட வந்த ஒருவன் சோப்பு நுரையில் வழுக்கி விழுந்தபோது அவள் தோள் துடித்ததே தவிர, கை முன்னால் வரவில்லை. தையல்காரர் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். வேலை பார்க்க வந்தாளா, வேலை வாங்க வந்தாளா என்று கேட்டு ஊரே சிரித்தது. அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுக்குக் கையே கிடையாது என்பது அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவளுக்கு மட்டும்தான் தெரியும். கை வரைவது லேசுப்பட்ட காரியமில்லை. முகத்தை ஒப்பேற்றிவிடலாம், விரல்கள் காட்டிக்கொடுத்துவிடும். அவசரத்துக்கு, படம் போடுகிற எல்லாரும் கையைப் பைக்குள் நுழைத்துவிடுவார்கள், இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். படங்களைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று அச்சகக்காரர் இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். படக்காரியின் மகள், அப்போது நாலு வயதுக் குட்டிப் பெண், உதவி செய்கிறேன் பேர்வழி என்று தூரிகையைக் கழுவப் போய், தண்ணீர்க் கிண்ணத்தை நாலாம் பக்கத்தின் மேல் கவிழ்த்துவிட்டாள். படக்காரி அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு அப்படியே நில்லு. அதுதான் நீ எனக்குப் பண்ற பெரிய உதவி."

குழந்தை அப்படியே நின்றது. ஆறாவது சுண்டுக்கு என்ன உருவம் கொடுப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவள், நின்ற பெண்ணைப் பார்த்து அப்படியே வரைந்து தள்ளிவிட்டாள். புத்தகம் சொன்ன நாளில் முடிந்தது. அச்சகக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். படத்தில் இல்லாதது வீட்டுக்கு எப்படி இறங்கி வரும்? தெருவில் யாராவது மேஸ்திரி என்று சொல்லிச் சிரித்தால் படக்காரிக்குச் சுருக்கென்று தைக்கும். பாவி, ஒரு பிள்ளையை முடமாக்கி ஊர் முழுக்க விற்றுவிட்டேனே என்று தன்னைத்தானே நொந்துகொள்வாள். ஆனால் வெளியே மூச்சுவிடவில்லை. இரண்டாம் பதிப்புக்குக் கடைக்குட்டியை மட்டும் புதிதாக வரைந்து, நகம் முதல் ரேகை வரை பார்த்துப் பார்த்து இரண்டு கைகள் போட்டாள். புத்தகம் வந்தது. கடைக்குட்டி இறங்கினாள், புதுக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு பத்திரமாகப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

வருஷங்கள் ஓடின. மகள் பத்து வயதைத் தொட்டாள். நல்ல அடக்கமான பெண் என்று பள்ளியில் பேர். எங்கே போனாலும் கையைப் பின்னால் கட்டித்தான் நிற்பாள், பிறர் பொருளைத் தொடமாட்டாள். தாய்க்கு அதில் பெருமைகூட உண்டு. மூன்றாம் பதிப்புக்குப் படங்களை மேஜையில் பரப்பியிருந்த ஒரு மத்தியானம், படக்காரியின் முழங்கை பட்டு மைப்புட்டி சாய்ந்தது. கறுப்பு மை பக்கம் பக்கமாக ஓடியது. பக்கத்திலேயே மகள் நின்றாள். முகம் வெளிறிவிட்டது, தோள் துடித்தது, கை மட்டும் வரவில்லை.

"பார்த்துக்கிட்டே நிக்கிறியே, ஒரு கை பிடிக்கக் கூடாதாடி?"

"நீதானம்மா சொன்ன, இப்படி நிக்கிறதுதான் பெரிய உதவின்னு."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். மை தரையில் சொட்டுவதைக்கூடப் படக்காரி கவனிக்கவில்லை. ஆறு வருஷமாகப் படத்திலிருந்த பிள்ளையை நினைத்தே மறுகினோமே, பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை முறை அடுப்படி வாசலில், கிணற்றடியில், இவள் இப்படி வந்து நின்றிருப்பாள்! உட்கார்ந்து, மகளின் முகத்துக்கு நேரே பார்த்து, நின்றது போதும், இனிமேல் கையால் உதவி செய் என்று கெஞ்சினாள்.

"கெட்டுப் போயிடுமேம்மா."

"கெட்டா கெடட்டும். நான் அன்னிக்குச் சொன்னதுதான் தப்பு."

மகள் கைகளை விடுவித்தாள். மையை அணைபோட்டு நிறுத்துவதாக நினைத்து இரண்டு உள்ளங்கைகளையும் காகிதத்தில் பொத்தென்று பதித்தாள். அந்தத் தடங்கள், வரைந்திருந்த கைகளை மறைத்துக்கொண்டு, படத்திலிருந்த கடைக்குட்டியின் இரண்டு பக்கமும் விழுந்தன. படக்காரி அதைத் துடைக்கவில்லை. அச்சகக்காரர், என்னம்மா இது, சேறு மிதித்த மாதிரி இருக்கிறதே என்று முனகிக்கொண்டே அச்சடித்தார்.

முதல் பிரதி வீட்டுக்கு வந்த அன்று, மகள் பழையபடி மேஜை ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நாளில் போகிற பழக்கமா அது? கடைக்குட்டி இறங்கி வந்தாள். தோளிலிருந்து இரண்டு கறுப்புக் கைகள், ஆளைவிடப் பெரியவை, தரையில் இழுபட்டன. அவற்றைப் பின்னால் கட்டப் பார்த்தாள், அடங்கவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கைகளை இழுத்துக்கொண்டே மகளின் பாவாடையைப் பிடித்து ஏறிப் பின்னால் போய், ஒளிந்திருந்த விரல் ஒன்றைப் பற்றி, முன்னால் வரும்வரை விடாமல் இழுத்தாள். மகளின் உள்ளங்கையும் கடைக்குட்டியின் உள்ளங்கையும் ஒரே அளவு, ஒரே ரேகை. படக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் படக்காரி தூக்கி வந்த தண்ணீர் வாளியின் இன்னொரு பக்கத்தை மகள்தான் பிடித்தாள். பாதித் தண்ணீர் கூடத்தில் சிந்தியது.

அன்று முதல் ஊரில் கடைக்குட்டியும் வேலை பார்க்கிறாள். கோப்பை உடையும், பித்தான் மாறிப் போடப்படும், தொட்ட சுவரிலெல்லாம் பத்து வயதுப் பிள்ளையின் கறுப்புக் கைத்தடம் விழும். வெள்ளையடிக்கிறவர்களுக்குக் கொஞ்ச நாள் நல்ல வேலை; அப்புறம் ஜனங்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பழைய பதிப்புகள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு, அந்தப் புத்தகங்களிலும் கை பதிக்க, படக்காரி மைப்புட்டியோடு மகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். எல்லா வீட்டையும் கண்டுபிடித்தபாடில்லை. தடமில்லாத சுவரைப் பார்த்தால், இந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊரார் நடையைக் கட்டுகிறார்கள். படக்காரி மட்டும் நின்று கதவைத் தட்டுகிறாள்.