டோரதி மேடத்துக்குச் சுட்ட கேக்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் அன்றைக்கு ஒரு நாள் சும்மா கிடந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

எங்கள் வீடு வீரபாண்டியில். கீழே கம்பெனி, மேலே வீடு. என் வீட்டுக்காரர் அர்த்தநாரி பல வருஷமாக அடுத்தவர்களின் சரக்குக்குத் தையல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தொண்ணூற்றிரண்டில்தான் முதன்முதலாக ஒரு வெளிநாட்டு ஆர்டர், மெட்ராஸ் ஏஜென்சி ஒன்றின் வழியாக, எங்கள் கைக்கு வந்தது. சின்னக் குழந்தைகள் போடுகிற பனியன். உடம்பு சிவப்பு, கழுத்துப்பட்டியும் கைப்பட்டியும் வெள்ளை. அது ஒழுங்காகக் கப்பல் ஏறினால் அடுத்த ஆர்டர் வரும். ஏறாவிட்டால் பழைய பிழைப்புதான். மிஷின் வாங்குவதற்காக முதலிபாளையத்துக் காட்டை விற்றாயிற்று. திரும்பிப் போய் வெள்ளாமை பார்க்கலாம் என்றால் மண்ணும் கிடையாது.

சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஏஜென்சியிலிருந்து ஆள் வரும். வருகிறவரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுப்பது எங்கள் ஊர்த் தொழிலில் ஒரு மரியாதை. மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் ஆம்பிளைகள் வந்தார்கள். எங்களுக்கு வந்தது டோரதி மேடம். பெரம்பூர்க்கார ஆங்கிலோ இந்தியர், முட்டி வரைக்கும் கவுன், என் வயசுதான் இருக்கும். வேற்றுப் பொம்பளையோடு தனியாக ஹோட்டலில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசுமோ என்று பயந்து என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்படித்தான் நான் முதன்முதலாக ஏசி ரூமைப் பார்த்தது. கட்டிய பெண்டாட்டிக்கு ஹோட்டல் சோறு வேண்டுமென்றால் அதற்கு மெட்ராஸிலிருந்து இன்னொரு பொம்பளை வரவேண்டியிருக்கிறது!

உள்ளே ஒரே இருட்டு. தட்டில் என்ன கிடக்கிறதென்று தெரியாமல் தின்பதற்கா இத்தனை ஆடம்பரம் என்று எனக்கு எரிச்சல். ஆனால் டோரதி மேடத்தைப் பிடித்துப்போயிற்று. தொழில் பேச எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் என்னிடம் தண்ணீர் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து என் பேரைக் கேட்டார், என்ன படித்தேன் என்று கேட்டார், துணியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றுகூடக் கேட்டார். என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, "நான் சாரதாவைக் கேட்டேன் சார்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்துப் பக்கத்து பேக்கரியில் ஆளுக்கொரு கேக் வாங்கினோம். மேடம் ஒரு வாய் கடித்து முகத்தைச் சுளித்தார்.

"இது கேக் இல்ல சாரதா, வெறும் டால்டா. எங்க வீட்டு கேக்கை நீ சாப்பிடணும். சண்டே ஆனா ஓவன்ல ஒண்ணு வச்சிடுவேன்."

"அதென்னங்க பெரிய வித்தை? எங்க ஊட்டுலயும் செய்வேனுங்க" என்றது என் வாய்.

ஓவன் உருண்டையா சதுரமா என்றுகூட எனக்குத் தெரியாது.

"நிஜமாவா? அப்போ அடுத்த தடவை ஹோட்டல் வேணாம். உன் கையால கேக், ஒரு டீ. அது போதும்" என்று மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பொரிந்தார். "ஏம்புள்ள, நெலாவுக்கு ராக்கெட்டும் உட்டுருக்கேன்னு சொல்லீர்றதுதானே?"

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. கோயமுத்தூருக்குப் போய் ஒரு வட்ட ஓவன் வாங்கிவந்தேன். அலுமினியத்தில், மூடியில் ஒரு கண்ணாடிக் கண்ணோடு இருக்கும். அளவையெல்லாம் கடைக்காரரே சொல்லிக் கொடுத்தார். கீழே கம்பெனி ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இருக்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் கேக் சாயங்காலம் வரைக்கும் கஞ்சியாகவே இருந்தது. அடுத்ததற்கு ஃபியூஸ் போய்த் தையல் மிஷின்களும் நின்றன. "அடுப்பா அது, எமனா?" என்று படிக்கட்டில் நின்று கத்தினார் என் வீட்டுக்காரர். கம்பெனி லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்தேன். கரண்ட் எகிறி வந்து அடி கருகிப்போனது.

வீணானதையெல்லாம் செக்கிங் செக்ஷனில் பீஸ் பார்க்கிற பெண்களுக்குக் கொடுத்தேன். மருதாள் என்று ஒருத்தி, மரியாதை தெரிந்தவள். ஒரு துண்டை வெகுநேரம் மென்றுவிட்டு, "நல்லாருக்குதுங்கக்கா. ஒரு சொம்புத் தண்ணி குடுத்தீங்கன்னா எறங்கீருங்க" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனாலும் நான் விடவில்லை. விடியற்காலை, ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால், வோல்டேஜ் நிதானமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். ஒரு நாள் கேக் பொங்கி மேலே வந்தது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்தபோது பிள்ளை பெற்றதுபோல இருந்தது எனக்கு.

மேடம் வருகிற நாள் வந்தது. நல்ல சித்திரை. காலையிலேயே கேக்கைச் சுட்டு ஆறவைத்து, வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து மேலே வெள்ளை வெளேரென்று பூசிவைத்தேன். பத்து மணிக்கு ஊர்முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது. வெண்ணெய் ஒரு பக்கமாக நழுவத் தொடங்கியது. என்ன செய்வது? தண்ணீர்ப் பானைக்கு ஈரத்துணி சுற்றினால் குளுகுளு என்று இருக்கிறதே, கேக்குக்கு மட்டும் ஆகாதா என்று தோன்றியது.

"மருதா, புதுசா ஒரு துணி கொண்டா கண்ணு" என்று மாடியிலிருந்து கீழே குரல் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் துடைக்கிற துணியைக் காசு கொடுத்து வாங்குகிற பைத்தியம் யாரும் கிடையாது. பிள்ளைக்குக் கட்டுகிற துணியிலிருந்து அடுப்பில் சட்டி இறக்குகிற துணிவரை எல்லாம் கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணிதான். மருதாள் ஒரு பெரிய சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கேக்கின் மேல் ஈ உட்காராமல் இருக்கக் கம்பிவலைக் கூடையைக் கவிழ்த்திருந்தேன். அதன்மேல் துணியைப் போர்த்தி, செம்பால் தண்ணீர் தெளித்துவிட்டு, சேலை மாற்றப் போனேன்.

கீழே மேடம் வேலையை முடித்திருந்தார். அளவு சரி, தையல் சரி. காய்ந்த துணியைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்தார், ஒட்டவில்லை. சாயம் நிற்குமா என்று கேட்டபோது, என் வீட்டுக்காரர் துவைத்துக் காயவைத்த பனியன் ஒன்றைக் காட்டினாராம். கழுத்துப்பட்டி வெள்ளையாகவே இருந்ததாம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதை மேலே கேக் சாப்பிட்டுக்கொண்டே போடலாம் என்று மேடம் படியேறி வந்தார்.

கீழே நடந்ததையெல்லாம் என் காதில் சொல்லிவிட்டு மருதாள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் கல்யாணப்பெண்ணை அழைத்துவருகிற பெருமையோடு கேக்கை மேஜைக்குக் கொண்டுவந்து, துணியோடு சேர்த்துக் கூடையைத் தூக்கினேன்.

அட சாமி! கிடா வெட்டின இடம் அது. வலையில் சொட்டுச் சொட்டாக இறங்கிய சிவப்புத் தண்ணீர் அந்த வெள்ளையெல்லாம் ஊறி, ஓரத்தில் வழிந்து, தட்டில் தேங்கியிருந்தது. மருதாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக்கூடாதா என்று நின்றேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கேக்கைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மறு நொடியே பெரிதாகச் சிரித்தார்.

"பாருங்க மேடம், சந்தையில விக்குற துணிய வாங்கியாந்து மூடி வச்சுருக்குறா. இவளுக்கு ஒரு எழவும் தெரியாதுங்க. கேக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு நானும் தலப்பாடா அடிச்சுக்கிட்டனுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. துவைத்துக் காட்டிய பனியன் வேறு, கீழே பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிற சரக்கு வேறு.

மேடம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "சாரதா, சந்தைத் துணியா இது?"

மருதாள் தரையைப் பார்த்தாள். என் வீட்டுக்காரரின் கண் என்னைக் கெஞ்சியது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கண் என்னை அதட்டித்தான் பார்த்திருக்கிறேன். விற்ற காடு, புது மிஷின், கீழே வேலை செய்கிறவர்கள் எல்லாம் அந்தக் கெஞ்சலில் இருந்தார்கள்.

"ஆமாங்க மேடம். சந்தையில வாங்குனதுங்க" என்றேன்.

மேடம் உடனே நம்பிவிட்டார். ஒரு கேள்வி, ஒரு சந்தேகம், ஒன்றும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. கத்தியை எடுத்து மேலே சிவந்த பகுதியை எல்லாம் அழகாகச் சீவி எடுத்துவிட்டு, அடியில் இருந்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார்.

"உள்ள சூப்பரா வந்திருக்கு! அழுமூஞ்சியா நிக்காத, எனக்கும் எத்தனையோ கேக் பாழாப்போயிருக்கு. இந்த அடிப்பக்கத்தை எனக்குக் கட்டிக் கொடு, டிரெயின்ல சாப்பிட்டுட்டுப் போறேன்." பேனாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஆனா இந்த மாதிரித் துணியைச் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவராதே. இப்ப நம்ம பனியனையே பாரேன். குழந்தைங்க கழுத்துப்பட்டியை வாயில வச்சுச் சப்பிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் ஊர் ஊரா வந்து கலர், கலர்னு கத்துறேன். உங்க வீட்டுக்காரர் சுத்தமா வேலை செஞ்சிருக்கார்."

என் வீட்டுக்காரர் டீயை எடுத்தார். வாயில் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கேக் சிவந்ததற்கு வந்த வெட்கம் ஒரு வெட்கமா? என்னை ஒரு மனுஷியாக மதித்துப் பேர் சொல்லிப் பேசின ஒருத்தியை உட்காரவைத்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவளோ என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். யாரோ பெற்ற பிள்ளை அந்தச் சிவப்பைச் சப்பப்போகிறது.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம்."

என் குரல்தான். எனக்கே யாரோ பேசுகிறது போல இருந்தது.

"அது சந்தைத் துணி இல்லீங்க. கீழ இருக்குற ஆர்டர்த் துணிதானுங்க."

மேடம் பேனாவை மூடினார். என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை.

கீழே போனோம். மேடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். தானே ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒரு பனியனை எடுத்து முக்கினார். கொஞ்ச நேரத்தில் வாளியில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். வெள்ளைப் பட்டி ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. கரண்ட் இல்லாததால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"சாயப்பட்டறையில அவசரத்துல சரியா அலசாம அனுப்பீட்டானுங்க மேடம். திருப்பி அனுப்பறதுக்கு நாள் இல்லீங்க. ஒண்ணை மட்டும் நல்லா அலசி..." என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கம்பெனிக்குள் அவர் தலையைக் குனிந்து நான் பார்த்ததே இல்லை. வேலைக்காரர்கள் முன்னால் அவரை அப்படி நிறுத்தியது என் வாய்.

மேடம் கோபப்படவில்லை. "பட்டியோட சேர்த்துத் தைச்சாச்சு, இனிமே அலசினா வெள்ளை போயிடும். கப்பல் தேதிக்கு இது நடக்காது சார். ஆர்டர் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. நடந்ததை நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும்" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் கார் நின்றது. நான் மாடிக்கு ஓடி, அவர் கேட்ட கேக்கைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். எதற்காக ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேனே, பழையபடி என்னோடு பேசுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

மேடம் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல்ல கேட்டப்பவே ஏன் சொல்லல சாரதா? நான் அவர்கிட்ட கேக்கலையே. உன்கிட்டதானே கேட்டேன்."

கையை நீட்டியபடி நின்றேன். அவர் பொட்டலத்தை வாங்காமல் காரில் ஏறிக்கொண்டார்.

உள்ளே திரும்பிவந்தபோது என் வீட்டுக்காரர் அந்த வாளியின் பக்கத்தில், கிழித்துப்போட்ட அட்டைமேல் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒரு எழவும் தெரியாதா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமா?" என்று கேட்பதற்கு வாய் நிறைய வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் என்னை அடிக்க வந்தால்கூடத் திருப்பிக் கேட்கிற வேகம் இருந்தது.

அவர் நிமிரவே இல்லை.

"இனி அந்தம்மா மூஞ்சில எப்படிப்புள்ள முழிக்கறது?" என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு அட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அதையேதான் நானும் நெனச்சுட்டு வந்தனுங்க" என்றேன்.